யோனின் துய்த்தல்

பாரிஸ், லா ஷப்பேல்
14 ஜனவரி 2024

தம்பி செபஸ்டியனுக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறேன் என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிடுகிறாய். மெயிலில் பிரெஞ்சில் எழுதினால் இரண்டாவது வரியிலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் தமிழில், காகிதத்தில். தமிழ் எழுத எனக்கு நேரம் பிடிக்கிறது, அதற்குள் கோபம் பாதி ஆறிவிடும். தவிர, உன் கடிதம் வந்தால் யோனுக்குப் படித்துக் காட்டலாம். தினமும் கீழே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே எழுதல" என்று என்னிடம் புகார் சொல்கிறான், நான்தான் உன் பேனாவைப் பிடுங்கி வைத்திருப்பதுபோல.

அம்மாவை அடக்கம் செய்த மறுநாளே நீ ரயிலேறிவிட்டாய். உனக்கு அதோடு முடிந்தது. இங்கே யோன் இன்னும் சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்குத் தட்டு வைக்கிறான். எடுத்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான். நம் தம்பிக்குப் புத்திதான் ஐந்து வயதோடு நின்றது, உடம்புக்கு நாற்பத்தைந்து ஆகிறது. கதவைத் தள்ளித் திறக்க என்னால் ஆகுமா? ஜன்னலுக்கு நேரே பாலத்தின் மேல் மெத்ரோ ரயில் ஓடுகிறதே, அந்தச் சத்தம் கேட்டால்தான் தானாக வெளியே வருகிறான்.

உதவிக்கு துஷாந்தி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் வருகிறாள். "இவர் என்ரை மூத்த பிள்ளை அக்கா" என்று சொல்லிக்கொண்டே அவனுக்குச் சவரம் செய்துவிடுகிறாள். அவளிடம் மட்டும் முகத்தைக் காட்டிக்கொண்டு அடங்கி உட்காருகிறான்.

இனி விஷயம். நெல்லித்தோப்பு வீட்டை அம்மா யோன் பெயரில் எழுதியது உனக்குத் தெரியும், நாம் இருவரும் சம்மதித்த பிறகுதான் எழுதினாள். அது பூட்டியே கிடந்து ஓடு சரிகிறது. புதுச்சேரி ஓட்டல்காரர் ஒருவர் வாடகைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். அம்மாவிடம் இருந்த துய்த்தல் இனி என் பெயருக்கு மாற வேண்டும். கோர்ட்டில் உன்னையும் கேட்பார்கள். அக்காவுக்கே கொடுங்கள் என்று ஒரு வரி எழுதிப் போடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜெர்மேன்


லிங்கன்
2 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கடைசிப் பகுதியில் ஒரு சொல் இருக்கிறது. துய்த்தல். நல்ல தமிழ்ச் சொல். அனுபவித்தல், பலனை நுகர்தல் என்று பொருள். சட்டத்தில் துய்ப்புரிமை என்றால், பெயர் ஒருவருடையதாக இருக்கும், வருமானம் இன்னொருவர் கைக்குப் போகும். வீடு யோனுடையது, ஓட்டல்காரர் தரும் வாடகை உன்னுடையது, அதற்கு நான் ஒரு வரி எழுதித் தர வேண்டும். அம்மாவும் இத்தனை காலம் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

பத்து வருடமாக மார்ஸ்டேல் என்ற பிரபுக் குடும்பத்தின் நிலங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ ஒருநாளும் கேட்டதில்லை, இன்று கேள். எழுநூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இந்த லிங்கன் பக்கத்தில் அவர்களுக்குப் பல பண்ணைகள் இருந்தன. மீன் குளம், புறாக்கூண்டு, ஓக் காடு, மாவு ஆலை எல்லாம் உண்டு. பிரபு இறந்தபோது மகன் ராபர்ட்தான் வாரிசு. அவன் நம் யோனைப் போல. அப்படிப்பட்டவனின் நிலத்தை அரசர் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வார். வருமானம் அரசருக்கு, வாரிசுக்குச் சோறும் துணியும். அவன் இறந்தால் நிலம் அடுத்த உறவுக்குப் போகும். ராபர்ட்டுக்கு அடுத்த உறவு அவனுடைய அக்கா ஆலிஸ். அவள் அரசரிடம் மன்றாடித் தம்பியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். இரண்டாவது குளிர்காலத்தில் ராபர்ட் செத்தான். பண்ணைகள் எல்லாம் ஆலிஸுக்கு வந்தன. ஊரார் என்ன பேசினார்கள் என்பதும் ஏட்டில் இருக்கிறது.

அந்தக் காலத்து ஆங்கிலேயர் முட்டாள்கள் இல்லை. சாதாரணக் குடியானவர் நிலத்துக்கு அவர்கள் வைத்திருந்த விதி, நிலம் யாருக்குச் சேருமோ அவன் கையில் பிள்ளையைக் கொடுக்காதே என்பது. அந்த விதியைப் பிரபுக்களுக்கும் வைத்திருந்தால் ராபர்ட் பிழைத்திருப்பான்.

நீதிபதிக்கு நேற்றே எழுதிவிட்டேன். என் சகோதரி யோனின் சொத்துப் பலனைத் தன் பெயருக்குக் கேட்கிறார், ஆகவே குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரை நியமியுங்கள் என்று. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

செபஸ்டியன்


லா ஷப்பேல்
11 பிப்ரவரி 2024

படித்த தம்பிக்கு,

உன் கடிதத்தை யோனுக்குப் படித்துக் காட்ட முடியவில்லை. "அண்ணே என்ன எழுதிருக்கு?" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். லிங்கனில் மழை பெய்கிறதாம் என்று சொன்னேன். சிரித்தான்.

துய்த்தல் என்றால் த்யுத்தெல்! பிரெஞ்சுச் சொல். பாதுகாவலர் பொறுப்பு. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவனுக்குக் கோர்ட்டில் ஓர் ஆளை வைக்கிறார்களே, அது. அம்மாவின் வாயில் அது துய்த்தல் ஆகிவிட்டது. துய்த்தல் பேப்பர் வந்தது, துய்த்தல் ஜட்ஜ் வரச் சொல்லியிருக்கிறார் என்று நானும் அவளும் இந்த வீட்டில் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டோம். பேசின வழக்கத்திலேயே எழுதிவிட்டேன். அதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. நீ ஒரு மாதம் எங்களோடு இருந்திருந்தால் உனக்கும் தோன்றியிருக்காது. போனை எடுத்து, அக்கா இது என்ன வார்த்தை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அகராதி இருக்கும்போது அக்கா எதற்கு?

நான் என்னத்தைத் துய்த்தேன் செபஸ்டியன்? ப்ரெஃபெக்துர் அரசு அலுவலகத்தில் வேலையை முன்னதாகவே விட்டுவிட்டு வந்து அவனுக்கு மலம் கழுவினேன். நீ மீன் குளமும் புறாக்கூண்டும் எண்ணிக்கொண்டிருந்தாய். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நான் வாரிசு என்றால் நீ யார்? பக்கத்து வீட்டுக்காரனா?

உன் ராபர்ட்டை யார் குளிப்பாட்டினார்கள்? அது ஏட்டில் இருக்கிறதா, பார்த்துச் சொல்.

எனக்கு அழுகையாக வருகிறது, அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டேன், எனக்கு மறுப்பில்லை என்று ஜட்ஜுக்கு உடனே எழுது. வெளியாள் வந்தால் யோனை எங்கே வைப்பது என்று அந்த ஆள்தான் முடிவு செய்வான். இவனுக்கு இந்த ஜன்னலை விட்டால் வேறு ஊரே கிடையாது.

ஜெர்மேன்


லிங்கன்
25 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

அந்தச் சொல்லை நான் தவறாகப் படித்துவிட்டேன். மன்னித்துக்கொள். வெட்கமாக இருக்கிறது. பழைய ஏடுகளில் எழுத்தர் செய்த பிழைகளைக் கண்டுபிடித்துச் சம்பாதிப்பவன் நான்.

நீதிபதிக்கு இரண்டாவது கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். மறுப்பில்லை என்று ஒரே வரியில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுவிட்டது. உன் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னேன். அதே சமயம், பொதுவாக வாரிசல்லாத ஒருவர் பொறுப்பில் இருப்பதே எல்லோருக்கும் நல்லது என்ற என் கருத்தையும் சேர்த்தேன். வாடகைக் கணக்கை வெளியாள் பார்க்கட்டும், யோன் உன்னோடுதான் இருக்கப் போகிறான், உனக்கும் பாரம் குறையும். இதில் கெட்டது என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் நீயே ஒப்புக்கொள்வாய்.

நீ கேட்டதைத் தேடினேன். ராபர்ட்டுக்கு வருடத்துக்கு ஓர் அங்கி, காலணி, படுக்கைக்கு வைக்கோல் என்று செலவு எழுதியிருக்கிறது. யார் குளிப்பாட்டினார் என்று இல்லை.

செபஸ்டியன்


லா ஷப்பேல்
9 ஜூன் 2024

செபஸ்டியன்,

முடிந்தது. உன் இரண்டு கடிதங்களையும் ஜட்ஜ் மேசைமேல் வைத்துக்கொண்டுதான் பேசினார். உடன்பிறந்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லை, எனவே குடும்பத்தார் வேண்டாம் என்றார். உன் ராபர்ட்டும் ஆலிஸும் அந்த மேசைக்கு வரவே இல்லை. சண்டை என்ற ஒன்றுதான் அவர் கண்ணில் பட்டது.

புதிதாக வந்திருக்கும் பொறுப்பாளர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கை கொடுத்தார், காபி குடித்தார். யோனைப்போல இன்னும் பல பேர் அவர் தலையில் இருக்கிறார்களாம். யோனின் பெயரை ஒவ்வொரு முறையும் பைலைப் பார்த்துத்தான் சொல்கிறார். யோனுக்குச் செருப்பு வாங்க அவரிடம் கேட்டு எழுதினேன், இன்னும் பதில் இல்லை. நானே வாங்கிவிட்டேன்.

இனி எழுதாதே. அவனுக்கு லிங்கனில் மழை என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜெர்மேன்


பாரிஸ்
17 நவம்பர் 2024

தம்பி,

எழுதாதே என்றவளே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து. மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆயிற்று. நடக்கப் பழக்குகிறார்கள், அது கிடக்கட்டும்.

யோனை பெல்ஜியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லையைத் தாண்டி ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கிற இல்லமாம். பிரான்ஸில் இடம் இல்லையாம். நான் மயக்கத்தில் கிடந்தபோது துஷாந்தி அந்தப் பொறுப்பாளரிடம் மன்றாடியிருக்கிறாள். என்னிடம் வந்து அழுதாள். "நான் இஞ்சையே படுத்துக்கொண்டு ஆளைப் பாக்கிறன் எண்டு சொன்னனான் அக்கா. நீ சொந்தமோ எண்டு கேட்டவர். இல்லை எண்டன். அதோடை முடிஞ்சுது." தற்காலிகம் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். எதுவரை என்று போடவில்லை.

நான் பொறுப்பில் இருந்திருந்தால் துஷாந்தி வீட்டில் படுத்திருப்பாள், அவன் ஜன்னலில் நின்றிருப்பான். இதை உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. இல்லை, குத்துவதற்காகத்தான் சொல்கிறேன்.

அவன் சாப்பிடுவதில்லை என்று போனில் சொல்கிறார்கள். என்னால் ரயிலேற முடியாது. நீ போ. அவன் கண்ணில் படு. ஜட்ஜுக்கு எழுது, உன் எழுத்துக்குத்தான் அங்கே மதிப்பு. காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று எழுத வேண்டுமானாலும் எழுதுகிறேன்.

அக்கா


லிங்கன்
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

போய்விட்டு வந்தேன். அழகான கட்டடம், சுத்தமாக இருக்கிறது. சுற்றிலும் கிழங்கு வயல். யோன் மெலிந்துவிட்டான். தாடி வளர்ந்திருக்கிறது, சவரம் செய்ய யாரையும் விடுவதில்லையாம். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கோட்டைப் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இருவரும் வெகுநேரம் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம். "அண்ணே, மெத்ரோ எங்க?" என்று கேட்டான். இங்கே மெத்ரோ இல்லை என்றேன். "இருக்குது. சத்தம் வருது" என்றான். ஊருக்கு வெளியே ஏதோ ரயில் பாதை இருக்கிறது.

திரும்பும்போது அவன் வாசல்வரை வந்தான். ஊழியர் ஒருவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழைத்துக்கொண்டு ஓடியிருப்பேன். ஓடியிருக்க வேண்டும்.

நீதிபதிக்கு எழுதிவிட்டேன், இந்த முறை கருத்து எதுவும் இல்லை. என் சகோதரியிடமே யோனைக் கொடுங்கள் என்பது மட்டும்தான். மார்ச்சில் விசாரணை வைத்திருக்கிறார்கள். அதற்குள் நீ நடந்துவிடுவாய்.

இன்னொன்று. தம்பியைச் சாகவிட்டாள் என்று ஆலிஸ் மீது புகார் எழுதியவன் அரசரின் நில அதிகாரி. ராபர்ட் அக்கா வீட்டுக்குப் போனதும் அந்த அதிகாரியின் கைக்கு வந்துகொண்டிருந்த வருமானம் நின்றுபோயிற்று. ஊரார் பேசினார்கள் என்பதும் அவன் எழுதியதுதான். இது எனக்கு அப்போதே தெரியும், புத்தகத்தில் அடிக்குறிப்பாக நானே போட்டிருக்கிறேன். உனக்கு எழுதும்போது விட்டுவிட்டேன். கதை நன்றாக வந்துகொண்டிருந்தது, கெடுக்க மனமில்லை.

செபஸ்டியன்


லிங்கன்
16 பிப்ரவரி 2025

அக்கா,

கல்லறையில் நீ என் பக்கம் திரும்பவில்லை. துஷாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போய்விட்டாய். நான் பின்னால் வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டாய். சரிதான். உன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ரயிலேற முடியாத உனக்குப் பதில் நான்தான் பெல்ஜியத்துக்குப் போய் உடலைப் பார்த்து இவன் என் தம்பி என்று சொன்னேன். நீ எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் உனக்குச் சொல்லியாக வேண்டும், உன்னைத் தவிர இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே போயிருக்கிறான். சமையலறைக் கதவு திறந்திருந்ததாம். வயலைக் குறுக்கே கடந்து ரயில் பாலத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். மேலே ரயில் போகிறது, ஆகவே வீடு பக்கத்தில்தான் என்று நினைத்திருப்பான். காலையில் கண்டார்கள். உறைபனி. அடிபட்ட காயம் எதுவும் இல்லை. கோட்டுக்குப் பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டிருந்தான். இடம் மாற்றி உட்காரக்கூட இல்லையாம், அவன் உட்கார்ந்த பிறகு சுற்றிலும் விழுந்த பனியில் காலடி எதுவும் இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். நம்மில் யாராவது வருவோம் என்று காத்திருந்திருக்கிறான்.

நான் கொன்றேன் என்று எழுதினால் நாடகம் மாதிரி இருக்கிறது. எழுதாவிட்டால் பொய்யாக இருக்கிறது. புத்தகத்தைப் பதிப்பகத்திடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். இனி அதில் ஒரு வரி என்னால் எழுத முடியாது.

திட்டியாவது ஒரு வரி எழுது. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

தம்பி


லா ஷப்பேல்
23 மார்ச் 2025

செபஸ்டியன்,

கையெழுத்துதானே கேட்டாய். இதோ.

விசாரணைக்குக் குறித்திருந்த நாளன்று கோர்ட்டிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்து, நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டாள். இன்னாரின் பைல் இன்னும் மூடப்படவில்லை என்றாள். நானே சொல்லி மூடினேன்.

பனியில் காலடி இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நீ எழுதியிருக்க வேண்டாம். எதை விடலாம், எதைச் சேர்க்கலாம் என்று உனக்குத் தெரியும் என்று நீயே சொன்னாய். இதை விட்டிருக்கலாம்.

துஷாந்தி வேறு வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேவாலயத்துப் பூசைக்கு என்னை அழைத்துப் போகிறாள். அவள் சைவக்காரி, வாசலில் நிற்கிறாள்.

சொத்துப் பத்திரம் பார்க்கிற நொத்தேர் கூப்பிட்டிருந்தார். யோனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை, அப்பா அம்மா இல்லை. ஆகவே நெல்லித்தோப்பு வீடு உனக்குப் பாதி, எனக்குப் பாதி என்றார். நல்ல மனிதர், வாழ்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

நம் பாட்டனார் ஒருவர் சாதி வழக்கமெல்லாம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறி, புதுக் குடும்பப் பெயர் வாங்கினார் அல்லவா? ஊரில் அவரை ரெனோன்சான் என்பார்கள். ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் துறந்தவர் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். பிறகு அந்தக் கையெழுத்தால் கிடைத்ததையெல்லாம் விரல்விட்டு எண்ணிக் காட்டுவார். எனக்கு அது எப்போதும் சிரிப்பாக இருக்கும். நொத்தேர் மேசையில் நானும் அந்தப் பேப்பரைத்தான் கேட்டேன். வாரிசுரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதற்குப் பிரெஞ்சில் அதே சொல்தான். நன்றாக யோசித்தீர்களா மதாம் என்று கேட்டார். கோர்ட்டுக்கும் போய்ப் பதிவு செய்துவிட்டேன். இனி யோனின் சாவிலிருந்து ஒரு செங்கல்கூட எனக்கு வராது.

எனக்குப் பிள்ளை இல்லாததால் என் பாதியும் உன்னிடமே வருகிறது. வீடு முழுக்க உன்னுடையது, வேறு வாரிசு யாரும் இல்லை. சாவி நொத்தேரிடம் இருக்கிறது. போய் வாங்கிக்கொள்.

ஜெர்மேன்